சட்டம் மாறிப்போச்சு சார்!

1362-ஆம் வருஷம் இங்கிலாந்தில் மூன்றாம் எட்வர்டு ராஜா ஒரு சட்டம் போட்டார். கோர்ட்டில் வக்கீல்கள் பிரெஞ்சில் வாதாடுகிறார்கள். கட்சிக்காரனுக்குத் தான் ஜெயித்தோமா தோற்றோமா என்பதே வீட்டுக்குப் போய் யாரையாவது கேட்டால்தான் தெரிகிறது. ஆகவே இனி வாதமெல்லாம் இங்கிலீஷில்தான் நடக்க வேண்டும் என்று உத்தரவு. நியாயமான உத்தரவுதான். ஒரே ஒரு சங்கடம், அந்த உத்தரவையே பிரெஞ்சில்தான் எழுதியிருந்தார்கள்.

வக்கீல்கள் படித்திருப்பார்கள், பிரெஞ்சு தெரிந்தவர்களாயிற்றே. படித்து, மடித்து, பெட்டியில் வைத்துவிட்டார்கள். தீர்ப்புக் குறிப்புகள் பிரெஞ்சிலேயே இன்னும் முந்நூறு வருஷம் வெளிவந்தன. கோர்ட் ஆவணங்கள் லத்தீனில் இருந்தன. 17-ஆம் நூற்றாண்டு வந்தபோது அந்தக் கோர்ட் பிரெஞ்சு, பிரான்சுக்காரனுக்கும் புரியாமல் இங்கிலீஷ்காரனுக்கும் புரியாமல், ஃபீஸ் வாங்குகிறவர்களுக்கு மட்டும் புரிகிற தனி பாஷையாகியிருந்தது. கடைசியில் இன்னொரு சட்டம் கொண்டுவந்து, 1733 மார்ச் 25 முதல் எல்லாம் இங்கிலீஷ்தான் என்று கதவைச் சாத்தினார்கள். ஆக, விதி மாறிவிட்ட சங்கதி வெஸ்ட்மின்ஸ்டர் வக்கீல்களுக்கு முழுசாகப் போய்ச் சேர 371 வருஷம் ஆயிற்று. நம்மூர் வக்கீல்கள் வாய்தா வாங்குவதைக் கேலி பேசுகிறவர்கள் இந்தக் கணக்கையும் ஒரு ஓரத்தில் குறித்துக்கொள்ளலாம்.

இந்த அழகில் இருந்த சட்டத்தைத்தான் கம்பெனிக்காரர்கள் கப்பலேற்றி மதராஸுக்கு அனுப்பினார்கள். கோட்டையில் 1688-லேயே மேயர் கோர்ட் ஒன்று திறந்திருந்தார்கள். 1726-இல் முதலாம் ஜார்ஜ் புதுச் சாசனம் கொடுத்து அதைப் புதுப்பித்தார். ஒரு மேயர், ஒன்பது ஆல்டர்மென். பெரும்பாலும் வியாபாரிகள். காலையில் துணி மூட்டையை எண்ணிவிட்டு மத்தியானம் நீதி வழங்குவார்கள். அந்த 1726-ஐ வைத்துப் பிற்காலத்தில் கோர்ட்டுகள் ஒரு கோடு கிழித்தன: அதுவரை இங்கிலாந்தில் இருந்த சட்டம் மாகாணத் தலைநகரங்களில் செல்லும், அதற்குப் பின் வந்தது தனியாக நீட்டித்தால்தான் செல்லும். கோடு கிழித்தவர்கள் அதைச் சம்பந்தப்பட்டவர்களுக்கு நேரத்தோடு சொல்லியிருந்தால் ஒரு மகாராஜாவின் கழுத்து தப்பியிருக்கலாம்.

கல்கத்தாவில் மகாராஜா நந்தகுமார் வாரன் ஹேஸ்டிங்ஸ் மேல் லஞ்சப் புகார் கொடுத்தார். கொஞ்ச நாளில் அவர் மேலேயே ஒரு போலிப் பத்திர வழக்கு கிளம்பியது. போலிப் பத்திரத்துக்கு மரண தண்டனை என்ற இங்கிலாந்துச் சட்டம் வந்ததே 1726-க்குச் சில வருஷம் கழித்துத்தான். அது கல்கத்தாவில் செல்லுமா என்று சரித்திரக்காரர்கள் இன்னமும் மல்லுக்கட்டுகிறார்கள். தலைமை நீதிபதி எலைஜா இம்பே ‘செல்லும்’ என்றார். 1775 ஆகஸ்டு 5-ஆம் தேதி தூக்கு நடந்தது. பிறகு இதற்காக இம்பே மீது பார்லிமென்டில் குற்றச்சாட்டு வந்தது, அவர் பேசித் தப்பித்துக்கொண்டார். நந்தகுமாருக்கு மேல்முறையீட்டுக்கு அனுமதியே கிடைக்கவில்லை. எந்தச் சட்டம் எந்தத் தேதியிலிருந்து எந்த ஊரில் செல்லும் என்பது குமாஸ்தா வேலைதானே என்று அலட்சியமாகப் பேசுகிற ஜூனியர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லலாம்.

மதராஸ் இந்த விஷயத்தில் கொஞ்சம் சாது. இங்கே யாரையும் தூக்கில் போடாமலே குழப்பினார்கள். 1862-இல் கோட்டைக்காரர்களின் சுப்ரீம் கோர்ட்டையும் மொஃபசல் அப்பீல்களைக் கேட்ட சதர் அதாலத்தையும் ஒன்றாக்கி உயர் நீதிமன்றம் என்றார்கள். திறப்பு விழா ஆகஸ்டு 15. அந்தத் தேதிக்கு அப்போது வேறு விசேஷம் இல்லை. ஒரு பக்கம் இங்கிலாந்தில் படித்துவிட்டு வந்த பாரிஸ்டர்கள். இன்னொரு பக்கம் தஞ்சாவூரிலும் திருநெல்வேலியிலும் அனுபவத்தில் பழுத்த வக்கீல்கள். ஒருவர் பழகிய விதி மற்றவருக்குத் தெரியாது, தெரியாததை ஒப்புக்கொள்வது இருவருக்குமே பழக்கமில்லை.

அந்தக் காலத் தீர்ப்புகளைத் தொகுத்து அச்சுப் போட்டவர் விட்லி ஸ்டோக்ஸ் என்ற அயர்லாந்துக்காரர். பழைய கெல்டிக் மொழிகளில் உலகமே மதித்த பண்டிதர். மதராஸ் வெயிலில் உட்கார்ந்து மிராசுதார் வழக்குகளைக் குறிப்பெடுத்துக்கொண்டே, அயர்லாந்தின் பழஞ்சுவடிகளுக்கு உரை எழுதிக்கொண்டிருந்த மனிதர். பிற்பாடு வைஸ்ராய் கவுன்சிலில் சட்ட மெம்பராகி 1882-இன் சிவில், கிரிமினல் நடைமுறைச் சட்டங்களை வரைந்தவரும் அவரே. யாருமே பேசாத பாஷையைப் படித்துப் பழகியவரிடம் சட்டம் எழுதுகிற வேலையைக் கொடுத்தவர்களின் பொருத்தம் பார்க்கும் திறமையை மெச்சத்தான் வேண்டும்.

இந்த நாட்டில் சிவில் நடைமுறைச் சட்டம் முதலில் 1859-இல் வந்தது. பிறகு 1877-இல் புதுசு. ஐந்தே வருஷத்தில், 1882-இல், இன்னொரு புதுசு. 1908-இல் மறுபடி. காலவரையறைச் சட்டமும் பின்தங்கவில்லை: 1859, 1871, 1877, 1908. அந்த 1859-இல் சன்னது வாங்கி ஐம்பது வருஷம் தொழில் நடத்திய ஒருவர் இருந்திருந்தால், எட்டுப் புத்தகம் வாங்கி, ஆறை எடைக்குப் போட்டிருப்பார். 1908-இல் ஒரு புத்திசாலித்தனமும் செய்தார்கள். சட்டத்தை இரண்டாகப் பிரித்து, பிரிவுகளைச் சட்டமன்றம்தான் மாற்றலாம், பின்னிணைப்பில் உள்ள விதிகளை அந்தந்த உயர் நீதிமன்றமே மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். அன்று முதல் பம்பாய் வக்கீல் மதராஸுக்கு வந்து ஒரு விதியைச் சொன்னால், “அது உங்க ஊர்ல சார்” என்கிற பாக்கியம் நமக்குக் கிடைத்தது.

காலவரையறை விஷயத்தில் மட்டும் வக்கீலை விட வட்டிக்காரர் எப்போதும் ஒரு படி மேல். புரோநோட்டுக்கு மூன்று வருஷம் என்பது தஞ்சாவூர் லேவாதேவிக்காரருக்குத் தன் பேரன் பிறந்தநாளை விட நன்றாகத் தெரியும். இரண்டு வருஷம் பத்து மாசம் ஆனதும் கடன்காரன் வீட்டுத் திண்ணையில் வந்து உட்காருவார். முதலையும் கேட்கமாட்டார், வட்டியையும் கேட்கமாட்டார். “பத்து ரூபா இருந்தா குடப்பா, போதும்” என்பார். கடன்காரனுக்கு ஆனந்தம். பத்து ரூபாயை வாங்கி மடியில் முடிந்துகொண்டு, நோட்டைப் பின்பக்கம் திருப்பி, “வரவு ரூபாய் பத்து” என்று எழுதவைத்து, தேதி போடவைத்து, கையெழுத்தும் வாங்கிக்கொண்டுதான் எழுந்திருப்பார். நோட்டுக்கு மறுபடி மூன்று வருஷ ஆயுசு. சட்டப் புத்தகத்தில் அதற்கென்று ஒரு பிரிவே இருக்கிறது. அவர் அதைப் படித்தவரில்லை, கெசட் வாங்கியவருமில்லை. பணம் போய்விடும் என்ற பயம் போதித்த சட்டம் அது.

வக்கீலுக்கு அந்தப் பயம் வராததற்குக் காரணம் உண்டு. போவது அவர் பணமில்லை.

மயிலாப்பூர்க்காரர்கள் இந்தக் குறையைத் தீர்க்கப் பார்த்தார்கள் என்பதை மறைக்கக் கூடாது. 1888-இல் சர் எஸ். சுப்பிரமணிய ஐயர் வீட்டில் சனிக்கிழமை சாயங்காலம் வக்கீல்கள் கூட ஆரம்பித்தார்கள். சாட்டர்டே கிளப் என்று பேர். வாரத்தில் வந்த தீர்ப்புகளைப் பிரித்துப் போட்டு அலசுவது வேலை. நீதிபதி சொன்னது சரியா என்று நீதிபதி இல்லாத இடத்தில் தைரியமாக விவாதிக்கலாம். அந்தச் சனிக்கிழமைப் பேச்சிலிருந்து 1891-இல் பிறந்தது மெட்ராஸ் லா ஜர்னல். வி. கிருஷ்ணசாமி ஐயர், பி.ஆர். சுந்தரம் ஐயர் ஆகியோர் தொடக்க காலத்தில் அதை நடத்தினார்கள். தீர்ப்பை வெளியிட்டதோடு நிற்காமல், பிடிக்காத தீர்ப்பை இங்கிலீஷில் நாகரிகமாகக் குத்தியும் எழுதினார்கள். பின்னாலேயே வீக்லி நோட்ஸ், லா வீக்லி என்று வரிசையாக வந்தன. மொஃபசல் வக்கீல் வீட்டு அலமாரியில் இவை காலிகோ பைண்டிங்கில், தங்க எழுத்தில், வருஷ வாரியாக அடுக்கியிருக்கும். கட்சிக்காரர் பார்த்து மிரள வேண்டும் என்பது முதல் உபயோகம். இரண்டாவது உபயோகமும் உண்டு என்று சிலர் சொல்வார்கள்.

கிளப் ஆரம்பித்து இரண்டே வருஷத்தில், 1890-இல், உயர் நீதிமன்ற முழு அமர்வு ஒரு தீர்ப்புச் சொன்னது. தாமதமாக வந்த அப்பீலை ஏற்கலாமா என்று பார்க்கும்போது, கட்சிக்காரர் மேல் அசட்டையும் கெட்ட எண்ணமும் இல்லையென்றால், ‘போதுமான காரணம்’ என்ற சொல்லைத் தாராளமாகவே அர்த்தப்படுத்த வேண்டும் என்பது அதன் சாரம். கருணையான தீர்ப்பு. இன்றைக்கும் நாடு முழுக்க மேற்கோள் காட்டுகிறார்கள். தமிழ்நாட்டு வக்கீல் சமூகத்துக்குக் கிடைத்த மிகப் பெரிய சொத்து இதுதான் என்பது என் கட்சி. இதற்கு அப்புறம் பிறந்த டிலே பெட்டிஷன் என்னும் இலக்கிய வகையில் கிளை கிளையாக மஞ்சள் காமாலை வந்தது, கிளை கிளையாகப் பாட்டிகள் காலமானார்கள், கட்டு வேறு கட்டோடு கலந்துபோனது. காமாலை ஏன் எப்போதும் அப்பீல் கெடு முடிகிற வாரத்தில் வருகிறது என்று மருத்துவக் கல்லூரிகள் ஆராயவில்லை. ஒவ்வொரு நாள் தாமதத்துக்கும் விளக்கம் வேண்டும் என்று கறாராக இருந்த கோர்ட்டுகளை 1987-இல் உச்ச நீதிமன்றமே கேலி செய்தது: அப்படியானால் ஒவ்வொரு மணிக்கும், ஒவ்வொரு நொடிக்கும் ஏன் கேட்கக் கூடாது என்று.

இதற்கு முன்பே, 1981-இல், அலகாபாத்திலிருந்து வந்த ஒரு வழக்கு. கிராமத்துக்காரர் ஒருவர் வக்கீலை அமர்த்தி, ஃபீஸும் கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டார். அப்பீல் கூப்பிட்ட அன்று வக்கீல் வரவில்லை. அப்பீல் தள்ளுபடி. உச்ச நீதிமன்றம் அந்தத் தள்ளுபடியை ரத்து செய்து, வக்கீல் வந்தாரா இல்லையா என்று காவல் காப்பது கட்சிக்காரன் வேலையில்லை என்றது. செலவுத் தொகை இருநூறு ரூபாய். அதை வராத வக்கீலிடமே வசூலிக்கச் சொன்னது. இங்கிலாந்தில் சொலிசிட்டர் ஒருவர் கெடுவைத் தவறவிட்டால் கட்சிக்காரருக்கு நஷ்டஈடு கொடுக்கக் கட்டாய இன்ஷூரன்ஸ் இருக்கிறது. நம்மிடம் அப்படி ஒரு கட்டாயம் கிடையாது. போதாததற்கு 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம், வக்கீல் தொழில் நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்றும் சொல்லிவிட்டது. மிக்சி ரிப்பேர்காரர் நுகர்வோர் கோர்ட்டுக்குப் பதில் சொல்ல வேண்டும்; அந்த மிக்சி வழக்கைக் கோட்டைவிட்ட வக்கீல் சொல்ல வேண்டாம்.

சரி, விதி மாறியதை வக்கீல் எப்படித்தான் தெரிந்துகொள்கிறார்? கெசட் பார்த்து என்று சொன்னால் பார் அசோசியேஷன் கேன்டீனே சிரிக்கும். உண்மையான ஏற்பாடு வேறு. ஃபைலிங் செக்‌ஷன் ஜன்னலில் குமாஸ்தா கட்டை நீட்டுவார். ரெண்டு நாளில் கட்டு திரும்பி வரும். மேல் பக்கத்தில் ஒரு சீட்டு, அதில் கோணல் கையெழுத்தில்: ‘மனு எவ்வாறு ஏற்கத்தக்கது என்பதை விளக்குக. அவகாசம் இரண்டு வாரம்.’ இதற்குப் பெயர் ரிட்டர்ன். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டார் என்பதை அலுவல் ரீதியாக நடத்திக்காட்டும் முறை. குமாஸ்தா மாடியேறி வந்து சீனியர் மேஜையில் கட்டை வைத்து, “சட்டம் மாறிப்போச்சு சார்” என்பார். “எப்போ?” “போன வருஷமாம் சார்.” சீனியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, ஜூனியர் பக்கம் திரும்பி, “ஏம்ப்பா, இதெல்லாம் பாக்கறதில்லையா?” என்பார். இந்திய வழக்கறிஞர் தொழிலின் தொடர்கல்வித் திட்டம் முழுசும் இந்த நாலு வாக்கியத்தில் அடக்கம். கிண்டலுக்காகச் சொல்லவில்லை. ரிட்டர்ன் சீட்டு எழுதும் அந்த ஊழியர் எந்தச் சட்டப் பத்திரிகையை விடவும் அதிகம் பேருக்குப் பாடம் நடத்தியிருக்கிறார். சந்தா வாங்காமல்.

1977 பிப்ரவரி 1-இல் அமலான சிவில் நடைமுறைச் சட்டத் திருத்தம் ஒன்று, இரண்டாம் அப்பீலில் முக்கியமான சட்டக் கேள்வி இருந்தால்தான் விசாரிக்கலாம், அந்தக் கேள்வியை கோர்ட்டே எழுதி வைக்க வேண்டும் என்றது. 1990-கள் வரைக்கும் உச்ச நீதிமன்றம் ஒவ்வொரு உயர் நீதிமன்றமாக, “கேள்வி எங்கே?” என்று கேட்டுத் தீர்ப்பைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. மேடைக்கு மேலேயும் கெசட் தாமதமாகத்தான் போகிறது போலும் என்று வக்கீல்களுக்கு ஒரு ஆறுதல்.

இதெல்லாம் முன்னுரை. நிஜமான கச்சேரி 1999-இல் ஆரம்பித்தது.

அதுவரை எதிர்வழக்குரை தாக்கல் செய்வது பிரதிவாதியின் மனசைப் பொறுத்தது. சம்மன் வரும். வக்காலத்துப் போடுவார்கள். “எதிர்வழக்குரைக்கு” என்று வாய்தா. பொங்கல் கழித்து வாய்தா. சித்திரை கழித்து வாய்தா. மே மாசம் கோர்ட் லீவு. ஜூனில் வாதியின் வக்கீல், “ஆட்சேபணை இல்லை” என்பார். ஏனென்றால் பக்கத்துக் கோர்ட்டில் அவர் பிரதிவாதிக்கு ஆஜராகிறார், அங்கே இவர் வாதிக்கு. இந்தப் பரஸ்பர அன்பு தில்லியின் கண்ணை உறுத்தியது. முப்பது நாளைக்குள் எதிர்வழக்குரை, மூன்று வாய்தாவுக்கு மேல் கிடையாது என்று 1999-இல் திருத்தம் கொண்டுவந்தார்கள்.

செய்தி தாமதமாகப் போய்ச் சேருகிறது என்று இத்தனை நேரம் புலம்பினேனே, இந்தச் செய்தி மட்டும் அன்றைக்கே போய்ச் சேர்ந்தது. கேன்டீனில் சேர்ந்தது, பார் ரூமில் சேர்ந்தது, ஃபீஸ் வராத ஜூனியரிடம்கூடச் சேர்ந்தது. நாடு முழுக்கப் புறக்கணிப்பு, ஊர்வலம், கோஷம். அரசாங்கம் பயந்து சட்டத்தை அமலுக்குக் கொண்டுவராமல் அலமாரியில் வைத்தது. கடைசியில் 2002-இல் இன்னொரு திருத்தம் போட்டு, முப்பது நாள், காரணம் எழுதிவைத்தால் தொண்ணூறு நாள் வரை, என்று இறங்கி வந்தார்கள். அமலான தேதி 2002 ஜூலை 1. அரசாங்கத்துக்கு ஜூலை ஒன்றாம் தேதி மேல் அப்படி என்ன மோகமோ, ஜி.எஸ்.டி.யும் அதே தேதியில்தான் வந்தது, அதற்கப்புறம் வந்ததைக் கடைசியில் சொல்கிறேன்.

இதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்குப் போனவர்களில் சரித்திரத்தில் நின்ற பெயர் எது தெரியுமா? பம்பாய் இல்லை, தில்லி இல்லை. சேலம் வழக்கறிஞர்கள் சங்கம். மாம்பழத்துக்கும் இரும்பாலைக்கும் பேர்போன ஊர், நாட்டின் ஒவ்வொரு முன்சீப் கோர்ட்டிலும் தினம் ஒருமுறை உச்சரிக்கப்படும் மேற்கோளானது. பஞ்சாபில் இருக்கிற வக்கீல் சேலம் எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாமலே “சேலம் பார்” என்று கையை உயர்த்துகிறார்.

சட்டம் செல்லும் என்று 2002 அக்டோபரிலேயே சொல்லிவிட்டார்கள். நடைமுறைச் சிக்கலைப் பார்க்க நீதிபதி ஜகந்நாத ராவ் தலைமையில் ஒரு கமிட்டியும் போட்டார்கள். ஆனால் 2005-இல் நடந்ததுதான் வேடிக்கை. ‘தொண்ணூறு நாளுக்கு மேல் போகக் கூடாது’ என்று சட்டம் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னது. அந்தக் ‘கூடாது’ கட்டளை இல்லை, வழிகாட்டல்தான் என்று ஏப்ரலில் ஒரு தீர்ப்பு. நடைமுறை நீதிக்குப் பணிப்பெண், எஜமானி இல்லையாம். ஆகஸ்டில் சேலம் வழக்கின் இரண்டாம் தீர்ப்பும் அதையே சொல்லி, ரொம்பக் கஷ்டமான சந்தர்ப்பத்தில் மட்டும் என்று எச்சரித்தது. மூன்று வாய்தா விஷயத்திலும் அப்படித்தான். போபால் விஷவாயு, குஜராத் பூகம்பம், சுனாமி மாதிரி பேரிடர் வந்தால் மூன்றை மீறலாம் என்று உதாரணம் காட்டினார்கள். மறுநாளிலிருந்து மொஃபசல் வக்கீல்களுக்கு மைத்துனி கல்யாணமும் அந்தப் பட்டியலில் சேர்ந்துகொண்டது. முப்பதை எதிர்த்து மூன்று வருஷம் போராடினார்கள், தொண்ணூறாக்கிக் கொடுத்தார்கள், பிறகு அந்தத் தொண்ணூறும் கறார் இல்லை என்றார்கள். சட்டத்தைப் படித்துவிட்டு அவசர அவசரமாக முப்பதாம் நாளே தாக்கல் செய்த அப்பாவிகளும் நாட்டில் சிலர் இருந்திருப்பார்கள். அவர்களை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது.

2002-இல் அமலான அதே திருத்தப் பொட்டலத்தில் இன்னொரு ரத்தினமும் இருந்தது. வழக்கைச் சமரசத்துக்கு அனுப்பலாம் என்று 89-ஆம் பிரிவு. அதில் நீதிமன்றத் தீர்வு என்றால் என்ன, மத்தியஸ்தம் என்றால் என்ன என்று இரண்டு விளக்கம். எழுதினவர் இதன் விளக்கத்தை அதற்கும் அதன் விளக்கத்தை இதற்கும் மாற்றிப் போட்டுவிட்டார். பார்லிமென்டின் இரண்டு அவைகளும் கை தூக்கின. ஜனாதிபதி கையெழுத்தானது. கெசட்டில் வந்தது. அமலாகி எட்டு வருஷம் கழித்து, 2010-இல், உச்ச நீதிமன்றம் இரண்டு வார்த்தைகளையும் இடம் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி முடித்து வைத்தது. அதற்கு ஐந்து வருஷம் முன்பே, 2005 ஏப்ரலில், நம் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் நீதிமன்றத்தோடு இணைந்த மத்தியஸ்த மையம் தொடங்கி, நாட்டிலேயே முதலாவது என்று பெயரும் வாங்கியிருந்தது. சட்டம் தலைகீழாக நின்ற காலத்தில் இவர்கள் நேராக நின்று வேலை பார்த்தார்கள். பிரிவைப் படிக்காமல் இருந்ததுதான் காரணம் என்று ஒரு விஷமி சொன்னார், நான் நம்பவில்லை.

தாராளத்துக்குப் பழகிய உடம்பில் அடி விழுந்தது 2015-க்கு மேல். வணிக நீதிமன்றச் சட்டம் வந்தது. எதிர்வழக்குரைக்கு 120 நாள். 121-ஆம் நாள் வந்தால் உரிமையே போச்சு. எல்லோரும் வழக்கம்போல் ‘வழிகாட்டல்தானே’ என்று நிதானமாக இருந்தார்கள். 2019-இல் உச்ச நீதிமன்றம் இந்த ‘கூடாது’ நிஜமான கூடாது என்றது. நடுவில் 2018-இல் ஒரு கோடி ரூபாய் வழக்குக்கென்று இருந்த அந்தச் சட்டத்தை மூன்று லட்சத்துக்கு இறக்கிவிட்டிருந்தார்கள். கம்பெனிக்காரர்கள் சண்டை என்று ஒதுங்கியிருந்த வக்கீலின் ஜவுளிக்கடைக் கட்சிக்காரரும் ஒரே ராத்திரியில் வணிக நீதிமன்றத்துக்குள் வந்துவிட்டார், இருவருக்கும் தெரியாமலே. அவசர நிவாரணம் கேட்காத வழக்கு என்றால் முதலில் மத்தியஸ்தத்துக்குப் போய்விட்டுத்தான் வர வேண்டும் என்ற விதியும் அப்போது நுழைந்தது. அது கட்டாயமா என்று நாலு வருஷம் ஊருக்கொரு தீர்ப்பு. 2022 ஆகஸ்டு 17-இல் உச்ச நீதிமன்றம் கட்டாயம்தான் என்று சொல்லி, ஆகஸ்டு 20 முதல் அமல் என்றது. நாடு முழுக்க உள்ள வக்கீல்கள் தெரிந்துகொள்ள மூன்று நாள். மூன்றாம் எட்வர்டு கேட்டால் மூர்ச்சை போட்டிருப்பார்.

ஆனால் கறார் என்றால் 2020 மார்ச்சைப் பற்றிப் பேசாமல் முடியாது. அந்த மாதம் 4-ஆம் தேதி ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு, நுகர்வோர் வழக்கில் பதில் தர முப்பதும் பதினைந்தும் நாற்பத்தைந்து நாள், அதற்கு மேல் ஒரு நாள்கூடக் கிடையாது என்று மேஜையைத் தட்டியது. 23-ஆம் தேதி அதே உச்ச நீதிமன்றம், கொரோனா காரணமாக எல்லாக் காலவரையறையும் 15-ஆம் தேதியிலிருந்து மறு உத்தரவு வரை நீட்டிப்பு என்றது. கறாருக்கு ஆயுசு மூன்று வாரம்கூட இல்லை. அடுத்த வருஷம் மார்ச்சில் ‘நீட்டிப்பு முடிந்தது’ என்றார்கள். ஏப்ரலில் இரண்டாம் அலை, ‘முடியவில்லை’. செப்டம்பரில் மறுபடி ‘முடிந்தது’. 2022 ஜனவரியில் மறுபடி ‘முடியவில்லை, பிப்ரவரி 28 வரை கணக்கில் எடுக்காதீர்கள்’. நடுவில், காலவரையறைதான் நீண்டது, தாமதத்தை மன்னிக்கக்கூடிய கூடுதல் காலம் நீளவில்லை என்று ஒரு நுணுக்கமான தீர்ப்பு வேறு. அந்த இரண்டு வருஷத்தில் வக்கீல் ஆபீசுகளில் சட்டப் புத்தகத்தை விட அதிகம் புரட்டப்பட்டது தினசரி காலண்டர்தான்.

நம் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இதிலும் ஒரு கைங்கரியம் செய்தது. போலீஸ் குற்றப்பத்திரிகை போடும் கெடுவும் இந்த நீட்டிப்பில் சேருமா? சேராது, ஜாமீன் கொடுங்கள் என்று 2020 மே மாதம் ஒரு நீதிபதி. சேரும், ஜாமீன் கிடையாது என்று சில நாளிலேயே இன்னொரு நீதிபதி. அந்த வாரம் உள்ளே இருந்த விசாரணைக் கைதிக்கு விடுதலை என்பது எந்த அறையில் லிஸ்ட் ஆகிறோம் என்பதைப் பொறுத்தது. ஜூனில் உச்ச நீதிமன்றம் முதலாமவர் பக்கம் சாய்ந்தது.

விபத்து வழக்கு நண்பர்களின் சோகம் தனி ரகம். விபத்து நஷ்டஈட்டு மனுவுக்கு ஆறு மாசக் கெடு 1994-இல் எடுக்கப்பட்டது. எலும்பு கூடி, தையல் பிரித்து, பெரியப்பா மகன் துபாயிலிருந்து வந்து, நிதானமாக மனுப் போடலாம். ஒரு தலைமுறை வக்கீல்கள் கெடு என்ற சொல்லே தெரியாமல் தலை நரைத்தார்கள். 2022 ஏப்ரல் 1 முதல் ஆறு மாசக் கெடு திரும்பி வந்துவிட்டது. தேதியைப் பார்த்துவிட்டு முட்டாள்கள் தினக் குறும்பு என்று நினைத்தவர்கள் இருந்தார்கள்.

இப்போது அந்த இன்னொரு ஜூலை 1. வருஷம் 2024. 1860-லிருந்து இருந்த இந்திய தண்டனைச் சட்டம் போய், பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. கிரிமினல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா. பெயரை ஒரே மூச்சில் சொல்லச் சொல்லி ஜூனியர்களுக்குள் பந்தயம் நடந்தது. பெயர் பரவாயில்லை, பழகிவிடும். எண்கள்தான் காலை வாரிவிட்டன. தமிழ் சினிமாவும் தினசரிகளும் தலைமுறை தலைமுறையாக ஊட்டி வளர்த்த 420-க்கு இனி இடமே இல்லை. புதுச் சட்டம் மொத்தமே 358 பிரிவுதான். மோசடி 318-க்குக் குடிபோய்விட்டது. கொலை 103-க்குப் போனது. 302 என்ற எண் காலியாகவும் இல்லை. மத உணர்வைப் புண்படுத்தும் பேச்சுக்கு அதைக் கொடுத்துவிட்டார்கள். “என் பையன் மேல 302 போட்டிருக்காங்க சார்” என்று தாயார் வந்து அழுதால், ஆறுதல் சொல்வதற்கு முன் எந்தப் புத்தகம் என்று கேட்டாக வேண்டும்.

இதிலும் உச்சம், நடைமுறைச் சட்டத்தில் நடந்தது. 144 என்றால் ஊருக்கே தெரியும், தடை உத்தரவு. அது 163 ஆகிவிட்டது. புது 144 என்ன தெரியுமா? மனைவிக்கும் பிள்ளைக்கும் பெற்றோருக்கும் ஜீவனாம்சம். பழைய ஜீவனாம்சப் பிரிவான 125, இப்போது அமைதி காப்பேன் என்று எழுதிக்கொடுக்கும் ஜாமீன் பத்திரத்துக்கு. குடும்ப நீதிமன்ற வாசலில் ஒரு கணவர் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

“சார், சம்சாரம் 144 போட்டிருக்கா சார்.”

“நாலு பேருக்கு மேல கூடக்கூடாதா?”

“கிண்டல் பண்ணாதீங்க சார். மாசம் பதினஞ்சாயிரம் கேக்கறா.”

குமாஸ்தா குறுக்கே வந்து, “அது பழைய 125 சார்” என்று காதில் சொல்வார். சீனியர் மேஜை விளிம்பைத் தடவிக்கொண்டே, “பழைய புத்தகத்தை எடுத்துட்டு வாப்பா” என்பார். ஜூனியர் தலையைச் சொறிவார். புதுச் சட்டம் வந்த சந்தோஷத்தில் பழைய புத்தகங்களைக் கட்டாகக் கட்டி எடைக்குப் போட்டாயிற்று.

“தம்பி, 2024 ஜூலைக்கு முந்தி நடந்த கொலைக்கு எந்தச் சட்டம்?”

“பழைய சட்டம் சார்.”

“கொலைக்குக் காலவரையறை உண்டா?”

“கிடையாது சார்.”

“அப்போ இன்னும் நாப்பது வருஷம் கழிச்சு ஒருத்தன் மாட்டினாலும் எந்தப் புத்தகம் வேணும்?”

ஜூனியர் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு பழைய பேப்பர் கடைக்குக் கிளம்பினார். குமாஸ்தா பின்னாலிருந்து கத்தினார், “அப்படியே பழைய சாட்சியச் சட்டமும் கெடைச்சா தூக்கிட்டு வந்துடுங்க சார், அதுவும் அந்தக் கட்டுலதான் போச்சு!”